2 பாக்கெட்டும் 3 பாக்கெட்டும் 23 பாக்கெட் ஆவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் படம், பாட்டு, கேம்ஸ் என்று நாட்கள் ஓடிவிடும். சில மாதங்கள் கழித்து, "நாமே ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் என்ன?" என்ற ஆசை வரும். பால் கணக்கு, வீட்டுச் செலவு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் என்று ஏதாவது ஒன்றில் தொடங்குவோம். நான்கைந்து வரிகள் எழுதி இயக்கினால் கம்ப்யூட்டர் உடனே ஒரு விடையைத் தரும். ஆனால் அந்த விடை தவறாக இருக்கும். எரர் செய்தி எதுவும் திரையில் வந்திருக்காது. எங்கே தவறு என்று தேடித் தேடி அலுத்துப் போவோம்.

இப்படிப்பட்ட தவறுகளில் பலவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். எழுத்தாக இருக்கும் ஒன்றை எண் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அல்லது எண்ணை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும்போது கொஞ்சம் சிந்திவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் புரோகிராம் எழுதுவதிலும் எக்ஸெல்லில் கணக்குப் போடுவதிலும் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

என்ன தேவை?

பைத்தான் என்ற புரோகிராம் மொழியை வைத்தே இதைப் பார்க்கலாம். கைடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட மொழி இது. முற்றிலும் இலவசம். பைத்தான் டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் இருந்து டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். பைத்தான் 2 வரிசைக்கான ஆதரவு 2020-ம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. எனவே பைத்தான் 3 வரிசையில் உள்ளதையே எடுத்துக் கொள்ளுங்கள். இன்ஸ்டால் ஆனதும் ஸ்டார்ட் மெனுவில் ஐடில் என்ற புரோகிராம் கிடைக்கும். அதைத் திறந்து, பைல் மெனுவில் நியூ பைல் என்பதைக் கிளிக் செய்தால் வெற்று விண்டோ ஒன்று வரும். அதில்தான் நம் புரோகிராமை டைப் செய்யப் போகிறோம்.

ஒரு சிறு குறிப்பு. கீழே வரும் இன்புட், பிரின்ட், இன்ட் போன்ற சொற்களை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். படிக்க வசதியாக இங்கே தமிழில் தந்திருக்கிறோம். ஆனால் காலை, மாலை, மொத்தம் ஆகிய பெயர்களை அப்படியே தமிழில் டைப் செய்யலாம். யூனிகோடு முறையில் டைப் செய்தால் பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக் கொள்ளும்.

பால் கணக்கு

காலையில் வாங்கிய பாக்கெட்டையும் மாலையில் வாங்கியதையும் கேட்டுக் கூட்டிச் சொல்லும் புரோகிராம் இது:

காலை = இன்புட்("காலை எத்தனை பாக்கெட்? ")
மாலை = இன்புட்("மாலை எத்தனை பாக்கெட்? ")
மொத்தம் = காலை + மாலை
பிரின்ட்("மொத்தம்", மொத்தம், "பாக்கெட்")

பைலை சேவ் செய்துவிட்டு எப்5 கீயை அழுத்துங்கள். முதல் கேள்விக்கு 2 என்றும் அடுத்த கேள்விக்கு 3 என்றும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திரையில் வருவது: மொத்தம் 23 பாக்கெட்.

கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியவில்லையா? தெரியும். நாம் கொடுத்தவை எண்கள் அல்ல என்பதுதான் விஷயம். கீ போர்டில் இருந்து இன்புட் மூலம் வரும் எதையும் பைத்தான் எழுத்துகளின் கோவையாகவே வைத்துக் கொள்ளும். இதற்கு ஸ்ட்ரிங் என்று பெயர். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒன்றோடு ஒன்றை ஒட்டு என்று பொருள். "மல்லி"யும் "கை"யும் சேர்ந்து "மல்லிகை" ஆவது போல "2"ம் "3"ம் சேர்ந்து "23" ஆகிவிட்டது.

கூட்டலுக்குப் பதில் கழித்தல் குறி போட்டிருந்தால் புரோகிராம் அங்கேயே நின்று டைப் எரர் என்று சொல்லியிருக்கும். ஏனென்றால் எழுத்தில் இருந்து எழுத்தைக் கழிக்க முடியாது. அப்படி நின்றால் நமக்கு நல்லது. நிற்காமல் 23 என்று சொல்லும் புரோகிராமைத்தான் கவனிக்க வேண்டும். மாதக் கடைசியில் பால்காரர் கேட்கும் பணமும் நம் கணக்கும் ஒத்துப் போகாது. பாவம், பால்காரர் மேல்தான் சந்தேகம் வரும்!

உள்ளே எப்படி இருக்கிறது?

25 என்ற எண்ணை கம்ப்யூட்டர் பைனரி முறையில் 00011001 என்று எழுதி வைக்கும். 16, 8, 1 மூன்றும் சேர்ந்தால் 25. இதையே ஸ்ட்ரிங்காக வைத்தால் கதை வேறு. கீ போர்டில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. "2" என்ற எழுத்தின் குறியீடு 50, "5" என்ற எழுத்தின் குறியீடு 53. ஆகவே "25" என்பது உள்ளே 50, 53 என்று அடுத்தடுத்து இருக்கும். திரையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலவே தெரியும். கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு வேரியபிளில் இருப்பது எந்த வகை என்று அறிய பைத்தானையே கேட்கலாம். டைப்(காலை) என்று கொடுத்தால் எஸ், டி, ஆர் என்ற மூன்று எழுத்துகள் வந்தால் ஸ்ட்ரிங். ஐ, என், டி வந்தால் இன்டிஜர், அதாவது முழு எண். ப்ளோட் என்று வந்தால் புள்ளி வைத்த தசம எண். கணக்கு தவறாக வருகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மாற்றுவது எப்படி?

ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்ற இன்ட் என்ற பங்ஷன் இருக்கிறது. முதல் இரண்டு வரிகளை இப்படித் திருத்துங்கள்:

காலை = இன்ட்(இன்புட்("காலை எத்தனை பாக்கெட்? "))
மாலை = இன்ட்(இன்புட்("மாலை எத்தனை பாக்கெட்? "))

இப்போது விடை 5 என்று சரியாக வரும். அரை லிட்டர், கால் கிலோ போன்றவற்றுக்கு 0.5, 0.25 என்று புள்ளி வைத்து டைப் செய்வோம் அல்லவா? அவற்றுக்கு இன்ட் உதவாது. இன்ட்("0.5") என்று கொடுத்தால் வேல்யூ எரர் வரும். அங்கே ப்ளோட்("0.5") என்று கொடுக்க வேண்டும். எண்ணைத் திரும்ப எழுத்தாக்க எஸ்டிஆர் என்ற பங்ஷன். எஸ்டிஆர்(5) என்றால் "5" கிடைக்கும்.

இன்ட் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் இருந்தால் பரவாயில்லை. "1,250" என்று கமா போட்டால் ஏற்காது. "5 பாக்கெட்" என்றாலும் ஏற்காது. எதுவும் டைப் செய்யாமல் என்டர் தட்டினாலும் எரர்தான்.

நம் வாசகர்களுக்கு ஓர் ஆச்சரியமான செய்தி. இன்ட்("௨௫") என்று தமிழ் எண்களில் கொடுத்துப் பாருங்கள். 25 என்று சரியாக விடை வரும்! யூனிகோடில் ௦ முதல் ௯ வரை உள்ள தமிழ் எண்கள், 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் என்றே பதிவாகி உள்ளன. ஆனால் பழைய முறைப்படி பத்துக்கு உரிய ௰ என்ற குறியைச் சேர்த்து ௨௰௫ என்று எழுதினால் வேல்யூ எரர் வரும். ௰ என்பது இலக்க வரிசையில் சேரவில்லை. அதனால் இன்ட் அதை ஏற்பதில்லை.

நூறு எடுத்தவர் பெயில்!

மதிப்பெண் பட்டியல் போடும்போது இதே கோளாறு இன்னும் மோசமாக வரும். மாணவரின் மதிப்பெண்ணையும் தேர்ச்சி மதிப்பெண்ணையும் இன்புட் மூலம் வாங்கி, இன்ட் போடாமல் ஒப்பிட்டால் என்ன ஆகும்? "100" பெரியதா, "35" பெரியதா என்று கேட்டால் "35" பெரியது என்பான் பைத்தான். ஸ்ட்ரிங்குகளை அகராதி வரிசையில்தான் ஒப்பிடுவார்கள். முதல் எழுத்து 1, எதிரே முதல் எழுத்து 3. 3 பின்னால் வருவதால் "35" பெரியது. முடிவு அங்கேயே முடிந்துவிட்டது. நூறு எடுத்த பெண் பெயில். அதே விதியின்படி "9" என்பது "35"-ஐ விடப் பெரியது. ஒன்பது எடுத்த பையன் பாஸ்!

நான்கு பேர் உள்ள பட்டியலில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். நானூறு பேர் உள்ள பட்டியலில் யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லோரும் இரண்டு இலக்க மதிப்பெண் எடுத்திருந்தால் புரோகிராம் சரியாகவே வேலை செய்யும். அதனால்தான் சோதித்துப் பார்க்கும்போது 5, 50, 100 என்று வெவ்வேறு நீளமுள்ள எண்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

காணாமல் போகும் பைசா

எழுத்தை எண்ணாக்குவதோடு வேலை முடிவதில்லை. ஒரு வகை எண்ணை இன்னொரு வகை எண்ணாக மாற்றும்போதும் கவனம் வேண்டும். இன்ட்(25.9) என்று கொடுத்தால் 26 வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது 25. இன்ட் என்பது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். அருகில் உள்ள முழு எண் வேண்டும் என்றால் ரவுண்டு என்ற பங்ஷனைப் பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரவுண்டு(2.5) என்றால் 2 வரும், ரவுண்டு(3.5) என்றால் 4 வரும். சரிபாதியாக இருந்தால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணைத் தேர்ந்தெடுப்பது பைத்தானின் வழக்கம்.

இப்போது 19.99 ரூபாயைப் பைசாவாக மாற்றிப் பார்ப்போம். 19.99 * 100 என்று கொடுங்கள். 1999 வராது. 1998.9999999999998 என்று வரும். 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.3333 என்று முடிவில்லாமல் போகிறதே, அது போல 19.99 என்பது பைனரி முறையில் முடிவில்லாமல் போகும். கம்ப்யூட்டர் ஓர் இடத்தில் நிறுத்திக் கொள்கிறது. அந்த விடையை இன்ட்டுக்குள் போட்டால் 1998 ஆகிவிடும். ஒரு பைசா போயிற்று. ஒரு பில்லில் ஒரு பைசா பெரிதில்லை. ஆயிரக்கணக்கான பில்கள் போடும் கடையில் கணக்கு ஒத்துப் போகாமல் யாராவது ஒரு கணக்கர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். பணக் கணக்கை ஆரம்பத்தில் இருந்தே பைசாவில் முழு எண்ணாக வைத்துக் கொள்வது நல்லது. அல்லது பைத்தானில் உள்ள டெசிமல் என்ற வசதியைப் பயன்படுத்தலாம்.

ராக்கெட் வெடித்த கதை

"இதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு" என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்ச் கயானாவில் உள்ள கூரு ஏவுதளத்தில் இருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் பாதை மாறி உடைந்து வெடித்துச் சிதறியது. அதில் இருந்த க்ளஸ்டர் என்ற நான்கு ஆய்வுச் செயற்கைக் கோள்களும் அழிந்தன.

விசாரணைக் குழு கண்டறிந்த காரணம் டேட்டா டைப் மாற்றம். ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு 64 பிட் ப்ளோட்டாக இருந்தது. அதை 16 பிட் இன்டிஜராக மாற்ற வேண்டியிருந்தது. 16 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. அந்த சாப்ட்வேர் அதற்கு முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. ஏரியன் 4-ல் அந்த மதிப்பு எல்லைக்குள் இருந்தது. ஏரியன் 5 வேகமானது. எண் எல்லையைத் தாண்டியது. மாற்றம் தோற்றது. வழிகாட்டும் கருவி தன்னை நிறுத்திக் கொண்டது. அதற்கு மாற்றாக இருந்த கருவியிலும் அதே சாப்ட்வேர்தான். அது கண நேரம் முன்பே நின்று போயிருந்தது.

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. அந்த மாற்றத்தைச் செய்த பகுதி, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும் முன்புதான் தேவைப்படுவது. கிளம்பிய பின் அதற்கு வேலையே இல்லை. தவறுகளைத் திருத்திய பின் ஏரியன் 5 நன்றாகவே பறந்தது. இந்தியாவின் இன்சாட், ஜிசாட் செயற்கைக் கோள்கள் பலவற்றை ஏற்றிச் சென்று 2023-ல் ஓய்வு பெற்றது.

பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படி எல்லை கிடையாது. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா ஆகியவற்றில் உண்டு. 32 பிட் இன்டிஜரில் 2147483647 வரைதான் வைக்கலாம். அந்த மொழிகளைப் படிக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

எக்ஸெல் செய்யும் உதவி

புரோகிராம் எழுதும் எண்ணமே இல்லாதவர்களையும் இந்தப் பிரச்னை விடுவதில்லை. பைத்தான் நாம் கேட்காமல் ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றாது. எக்ஸெல் நாம் கேட்காமலேயே மாற்றிவிடும்! ஒரு செல்லில் 044 என்று டைப் செய்து என்டர் தட்டினால் 44 ஆகிவிடும். 5/12 என்று வீட்டுக் கதவு எண்ணை டைப் செய்தால் டிசம்பர் 5 என்று தேதியாகிவிடும். பின்னர் அந்த செல்லை டெக்ஸ்ட் ஆக மாற்றினாலும் 5/12 திரும்பி வராது. 2025-ல் டைப் செய்திருந்தால் 45996 என்று வரும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று கொண்டு எக்ஸெல் தேதிகளை எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்தான் இது.

இன்னும் ஆபத்தானது 16 இலக்க எண். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16-வது இலக்கம் 0 ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண்களின் பட்டியலை இப்படி டைப் செய்து யாருக்காவது அனுப்பினால், பணம் திரும்பி வரலாம், வேறு யாருடைய கணக்குக்காவது போகவும் செய்யலாம். போன இலக்கத்தை மீட்க வழியில்லை.

விஞ்ஞானிகளே இதில் மாட்டிக் கொண்டார்கள். மார்ச்1, செப்ட்2 என்பவை மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்கள். எக்ஸெல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக மாற்றிக் கொண்டே இருந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸெல் பட்டியல்களோடு வெளியான மரபணுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாகச் சொன்னது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்! 2023-ல் மைக்ரோசாப்ட், இந்தத் தானியங்கி மாற்றங்களில் சிலவற்றை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 365 எக்ஸெல்லில் சேர்த்தது. பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் டேட்டா என்ற பகுதியில் பாருங்கள்.

தப்பிக்கும் வழி எளிது. டைப் செய்யத் தொடங்கும் முன் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் நம்பர் பகுதியில் உள்ள பட்டியலில் டெக்ஸ்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரே ஒரு செல் என்றால் எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டால் போதும்.

எதிர்ப் பக்கத்துத் தவறும் உண்டு. வேறிடத்தில் இருந்து காப்பி செய்து ஒட்டிய தொகைகள் சில நேரம் டெக்ஸ்ட் ஆகவே வந்துவிடும். சம் பார்முலா அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மொத்தம் குறைந்து நிற்கும். சாதாரணமாக எண்கள் செல்லின் வலது ஓரத்திலும் டெக்ஸ்ட் இடது ஓரத்திலும் நிற்கும். இடது பக்கம் ஒதுங்கி நிற்கும் தொகை எதையாவது கண்டால் சந்தேகப்படுங்கள். செல்லின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் இருந்தால் அதையும் கவனியுங்கள். அந்த செல்லைக் கிளிக் செய்து, பக்கத்தில் வரும் குறியில் கன்வெர்ட் டு நம்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எண்ணாகிவிடும்.

நினைவில் வைக்க

1. கீ போர்டில் இருந்தோ பைலில் இருந்தோ ஓர் எண் வந்ததும், அந்த இடத்திலேயே இன்ட் அல்லது ப்ளோட் போட்டு மாற்றிவிடுங்கள். கணக்குப் போடும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

2. போன் எண், ஆதார் எண், பின்கோடு, வங்கிக் கணக்கு எண், கதவு எண் ஆகியவற்றை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. இவை ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். ஓர் எண்ணோடு 1-ஐக் கூட்டினால் ஏதாவது பொருள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காது என்றால் அது டெக்ஸ்ட்தான்.

3. தசம எண்ணை முழு எண்ணாக்கும்போது வெட்ட வேண்டுமா, அருகில் உள்ள எண்ணுக்குக் கொண்டு போக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

4. பயன்படுத்துபவர் எதையாவது தவறாக டைப் செய்தால் புரோகிராம் நின்று போகாமல் மீண்டும் கேட்க வேண்டும். அதற்கு இந்த வரிகள்:

வொய்ல் ட்ரூ:
    ட்ரை:
        காலை = இன்ட்(இன்புட்("காலை எத்தனை பாக்கெட்? "))
        பிரேக்
    எக்செப்ட் வேல்யூஎரர்:
        பிரின்ட்("எண்ணை மட்டும் டைப் செய்யவும்")

இதில் ட்ரூ என்ற சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்து. வேல்யூஎரர் என்பதை இடைவெளி இன்றிச் சேர்த்து, வேல்யூ, எரர் இரண்டின் முதல் எழுத்தையும் பெரிதாக டைப் செய்ய வேண்டும். வரிகளுக்கு முன்னால் உள்ள இடைவெளியையும் இப்படியே வையுங்கள். "மூணு" என்றோ "3 பாக்கெட்" என்றோ டைப் செய்தால் புரோகிராம் பொறுமையாக மீண்டும் கேட்கும்.

பயிற்சியாக ஒன்று. இந்த மாத மின் மீட்டர் ரீடிங்கையும் சென்ற ரீடிங்கையும் கேட்டு, எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று சொல்லும் புரோகிராமை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் சென்ற ரீடிங்குக்கு 998, இந்த மாதத்துக்கு 1204 என்று கொடுங்கள். 206 என்று வந்தால் சரி. அடுத்து, இந்த மாத ரீடிங் சென்ற ரீடிங்கை விடக் குறைவாக இருந்தால் மீண்டும் கேட்கும்படி மாற்றுங்கள். இன்ட் போட மறந்திருந்தால் இந்த ஒப்பீடு 1204-ஐ 998-ஐ விடச் சிறியது என்று தடுத்து நிறுத்தும். அப்போது எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.